ஊற்று நீரும் என் மச்சினியின் நாக்கும்

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் மனைவியின் தலை வெடித்துவிடட்டும். அவள் தலைமேல் ஒரு கையை வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

அவள் தங்கை, அதாவது என் மச்சினி, தண்ணீர்ப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். கருவிகள் இருந்தாலும் அவளுக்கு நாக்கே போதும். ஒரு சொட்டு வைத்தால் அது எந்த மேகத்திலிருந்து விழுந்தது, மேகம் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்று சொல்லிவிடுவாள்.

எங்கள் ஊர் சுண்ணாம்புப் பாறைமேல் உட்கார்ந்திருக்கிறது. மற்ற ஊர்களில் மண் தண்ணீரை நிதானமாக வடிகட்டும். இங்கே பாறை முழுக்கப் பொந்து. மேலே விழுந்தது அப்படியே கீழே ஊற்றில் வந்து நிற்கும். ஊருக்கே குடிநீர் அந்த ஓர் ஊற்றுதான். மழைக்கு மழை அது கலங்கும்; ஒருநாள் கலங்கி நாறவும் செய்தது.

"ஊத்தே கெட்டுப்போச்சு. இன்னிக்குச் சாயங்காலம் மூடிடறேன்" என்று ஊர்க் குடிநீரைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளர் பெரிய பூட்டோடு வந்துவிட்டார். மூடினால் ஊருக்குத் தொண்டை நனைக்க வழியில்லை.

மச்சினி ஒரு சொட்டை நாக்கில் வைத்துக் கண்ணை மூடினாள்.

"எலுமிச்சை சோப்பு. அப்புறம், மீசைக்குப் பூசற கறுப்புச் சாயம்."

அறுபது வயதுப் பொறியாளரின் கை தானாகத் தன் கருகரு மீசைக்குப் போனது.

"சார், உங்க வீட்டுக் கழிவுத்தண்ணி எங்க போகுது?"

"குன்று மேல, வீட்டுக்குப் பின்னாடி ஒரு பள்ளம். முப்பது வருஷமா விடறேன், ஒருதடவகூட நிறையல!" என்றார் பெருமையாக.

"எப்படி சார் நிறையும்? நாங்கதான் குடிச்சிக் காலி பண்றோமே."

"எட்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும்மா என் வீடு! அளந்து பேசு."

அவள் வாதாடவில்லை. காலை ஒன்பதுக்கு, உடம்புக்குக் கெடுதலில்லாத பச்சைச் சாயம் ஒரு டம்ளர், அவர் வீட்டுக் குளியலறையில் ஊற்றினாள். "மூணு பத்துக்கு வரும்" என்றாள்.

மூன்று ஒன்பதுக்குப் பொறியாளர் ஊற்றில் குனிந்தார். "பாருங்க, பளிங்கு மாதிரி..." என்று இரண்டு கையாலும் அள்ளி முகத்தில் அடித்தார். நிமிர்ந்தபோது மணி மூன்று பத்து. மீசை பச்சை.

எட்டு மாதம் அப்படியே இருந்தது. கிளிகள் அவரிடம் சம்பந்தம் பேச வந்ததாகச் சொல்கிறார்கள். நான் பார்க்கவில்லை, அதனால் எழுதவில்லை. பூட்டு அவர் வீட்டுக் கழிவுநீர்க் குழாய்க்குப் போனது. ஊற்று மறுபடி தெளிந்தது.

"நாக்கெல்லாம் இல்ல மாமா. மழை பெஞ்சு எத்தன மணி நேரத்துல கலங்குதுன்னு மூணு மாசமா எழுதிவெச்சேன்" என்றாள் மச்சினி. என்ன அடக்கம்! அக்காக்காரிக்கு இன்னும் பெருமை தாங்கவில்லை.

எனக்குக் கல்யாணமே ஆகவில்லை.