பின்னறையிலிருந்து வந்த பதில்

ஆலையில் கம்ப்யூட்டர் வேலை பார்த்த அல்போன்ஸ் அவசரப்பட்டு மேலாளர் கிருஷ்ணப்பனிடம், "எல்லாம் ரெடிங்க சார்" என்று சொல்லிவிட்டான். அந்த ஒரு வார்த்தைதான் அவனை மாட்டிவிட்டது.

கரும்பாலையின் வாசல் கவுண்டரில் புதிதாக ஒரு கம்ப்யூட்டர் வைத்திருந்தார்கள். கணக்கெல்லாம் போடுகிற பெரிய கம்ப்யூட்டர் ஆபீஸ் கட்டடத்தின் பின்னறையில் இருந்தது. விவசாயியின் பெயரைக் கவுண்டரில் தட்டினால் கேள்வி கேபிள் வழியாகப் பின்னறைக்குப் போக வேண்டும். கரும்பு வெட்டும் தேதி அங்கிருந்து திரும்பி வர வேண்டும். கேள்வி போனது. பதில்தான் வரவில்லை. இரண்டும் வெவ்வேறு கம்பெனி மெஷின்கள். அல்போன்ஸ் எத்தனையோ விதமாக மாற்றிப் பார்த்தும் பின்னறை மெஷின் வாய் திறக்கவில்லை.

எண்பத்தொன்பதாம் வருடம் கரும்பு அரவை தொடங்கும் நாளன்று புது கம்ப்யூட்டரைப் பார்க்கச் சென்னையிலிருந்து அதிகாரிகள் வந்துவிட்டார்கள். வேறு வழி தெரியாத அல்போன்ஸ், பின்னறையில் கேபிளைப் பெரிய மெஷினிலிருந்து பிடுங்கிப் பக்கத்து மேஜையில், திரையும் கீபோர்டும் மட்டும் இருந்த டெர்மினலில் சொருகினான். ஆபரேட்டர் ராஜமேரியை அதன் முன்னால் உட்காரச் சொன்னான்.

"கேள்வி இதுல வரும். பிரிண்ட் எடுத்த லிஸ்ட்டப் பாத்து நீ தேதிய அடி."

"மெஷின் சொல்றாப்பல நான் சொல்றதுங்களா?"

"இன்னிக்கு ஒரு நாளைக்குத்தான். திருப்பி எதுவும் கேட்டுடாத. மெஷின் கேள்வி கேக்காது."

அவள் அவன் முகத்தைப் பார்க்காமல் லிஸ்ட்டை இழுத்து வைத்துக்கொண்டாள்.

பாப்பாரப்பட்டிப் பக்கமிருந்து வந்திருந்த மாதையன் என்ற விவசாயியை முதலில் கூப்பிட்டார்கள். அல்போன்ஸ் அவர் பெயரையும் ஊரையும் தட்டினான். சற்று நேரத்தில் திரையில் தேதி வந்தது. அதிகாரிகள் கை தட்டினார்கள். மாதையன் திரையைப் பார்த்துக் கும்பிட்டார். அல்போன்சும் சிரித்தான், வாய் மட்டும்தான் சிரித்தது.

அடுத்த வாரம் மாதையன் ஒரு டிராக்டர் கரும்போடு வந்து கேட்டில் நின்றார். உள்ளே விடவில்லை. அந்தத் தேதி அதே ஊரிலிருந்த இன்னொரு மாதையனுக்கு உரியது. வெட்டிப்போட்ட மீதிக் கரும்பு வயலில் காய்ந்துகொண்டிருந்தது. விசாரிக்கக் கிருஷ்ணப்பன் கவுண்டருக்கு வந்தார்.

மாதையன் சண்டைக்கு நிற்கவில்லை. "நாந்தானுங்க அப்பன் பேரச் சொல்லாம வுட்டுட்டேன். அதுக்கு மிசினு என்னங்க பண்ணும்?" என்றார்.

"இனிமே சேத்துச் சொல்லுங்க" என்றார் கிருஷ்ணப்பன்.

அதோடு முடிந்திருக்கும். அல்போன்சுக்குக் காது மடல் சுட்டது. "அன்னிக்குப் பதில் சொன்னது மெஷின் இல்லீங்க" என்றான். "உள்ள ஒரு ஆள உக்கார வச்சு நாந்தான் அடிக்கச் சொன்னேன். அது வேலையே செய்யலீங்க."

சொன்னால் பாரம் குறையும் என்று நினைத்திருந்தான். மாதையன் கோபப்பட்டிருந்தால் குறைந்திருக்கலாம். அவரோ தலையைக் குனிந்துகொண்டார்.

"நம்ம பேரு மிசினுக்குத் தெரியுதுன்னு ஊரெல்லாம் சொல்லிப்போட்டனுங்களே" என்றார் மெதுவாக.

தன்னுடைய அவமானத்தில் பாதியை அவர் தலையில் ஏற்றிவிட்டது அப்போதுதான் அல்போன்சுக்கு உறைத்தது. கிருஷ்ணப்பன் திட்டவில்லை. வெட்டிய கரும்பு முழுவதையும் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, "நீ உள்ள போ" என்றார். கவுண்டரைச் சுற்றி நின்ற அத்தனை பேர் முன்னால் அவன் எழுந்து போனான்.

பின்னறையில் ராஜமேரி இருந்தாள். "லிஸ்ட்டுல ரெண்டு மாதையன் இருந்ததப் பாத்தேனுங்க. எந்த மாதையன்னு கேக்கத்தான் நெனச்சேன். கேக்கக் கூடாதுன்னீங்க" என்றாள்.

அந்த மாதக் கடைசியில் கோளாறு பிடிபட்டது. ஒவ்வொரு கேள்வியின் முடிவிலும் பின்னறை மெஷின் ஒரு குறியீட்டை எதிர்பார்த்தது. கவுண்டர் மெஷின் அதை அனுப்பவே இல்லை. கேள்வி இன்னும் முடியவில்லை என்று பின்னறை மெஷின் காத்துக்கொண்டே இருந்திருக்கிறது. குறியீட்டைச் சேர்த்ததும் உடனே பதில் வந்தது. ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் அப்பா பெயரைக் கேட்கும்படியும் அல்போன்ஸ் செய்தான். கை தட்ட யாரும் இல்லை. அவனும் யாரையும் கூப்பிடவில்லை.

தன் அடுத்த தேதியைக் கேட்க மாதையன் வந்தபோது கவுண்டரில் அல்போன்ஸ்தான் இருந்தான். அவர் அவனுக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு, நேராக உள்ளே போய், லிஸ்ட் வைத்திருக்கும் கரும்பு ஆபீசரிடம் கேட்டார். இப்போது இது உண்மையாகவே வேலை செய்கிறது என்று சொல்ல அல்போன்சுக்கு வாய் வரவில்லை. அவர் திரும்பிப் போகும்வரை அவன் நிமிரவே இல்லை.