பிரேக் அவர் பக்கம்

அந்த ஆன்லைன் பேஜில் ஆயிரக்கணக்கான பெண்களுக்கு அவள் அக்கா. தங்களுக்கு நேர்ந்ததை வீட்டில் வாய்விட்டுச் சொல்ல முடியாதவர்கள் அவளுக்கு எழுதி அனுப்புவார்கள். அவள் பெயரில்லாமல் போடுவாள். போடுமுன், எழுதியவளை யாரும் மோப்பம் பிடித்துவிடாதபடி ஊரை, உறவை, தொழிலை மாற்றுவாள். மாமா பக்கத்து வீட்டுக்காரர் ஆவார், டாக்டர் வக்கீல் ஆவார். முக்காடு போடுவது என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். அக்கா அதில் கைதேர்ந்தவள். ஒரு பெண்ணின் வார்த்தையை அவள் சந்தேகப்பட்டாள் என்று யாரும் விரல் நீட்ட முடியாது. அன்றுவரை.

அன்று காலை சமையலறையில் நின்றபடியே ஒன்றைப் படித்தாள். கார் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போன பெண் எழுதியது. சொல்லிக்கொடுப்பவர் ஆளில்லாத சாலையில் ஓரங்கட்டச் சொல்லியிருக்கிறார்.

"ஆக்ஸிலேட்டரை மிதிமிதின்னு மிதிச்சேன். வண்டி உறுமுச்சே தவிர நகரல. அவர் பக்கமும் ஒரு பிரேக் இருக்கு. ஒரு கால அதுல அழுத்தி வச்சுக்கிட்டேதான் எல்லாம் பண்ணார். அந்த இடுப்புவலித் தைல நாத்தம் இன்னும் என்மேல இருக்கு. தங்கம், தங்கம்னு கூப்பிட்டார்."

அக்காவின் விரலில், சற்றுமுன் தேய்த்துவிட்ட அந்தத் தைலம் இன்னும் காயவில்லை. உள்ளே அவள் கணவர், டிரைவிங் ஸ்கூல்காரர், சட்டைப் பொத்தானைப் போட்டபடி, "தங்கம், டிபன் ஆச்சா?" என்றார்.

"ஆச்சுங்க."

நம்பவில்லையா என்றால், ஒவ்வொரு எழுத்தையும் நம்பினாள். அதுதான் கொடுமை.

அவர் கிளம்பியதும் உட்கார்ந்து முக்காடு போட்டாள். கார் நீச்சல் குளமாயிற்று. பிரேக் போயிற்று, தைலம் போயிற்று, தங்கமும் போயிற்று. வழக்கப்படி சம்மதம் கேட்டு அந்தப் பெண்ணுக்கு அனுப்பினாள்.

"இது யார் கதைக்கா?" என்று பதில் வந்தது. "அந்த பிரேக்தானே விஷயமே?"

"உன் பாதுகாப்புக்குத்தான்மா."

"எனக்குப் பயமில்லக்கா. அப்படியே போடுங்க. அவர் ஆபீஸ்ல நீங்க விருது வாங்கின போட்டோவைத்தான் மாட்டி வச்சிருக்கார். அதப் பாத்துத்தான் தைரியமா சேர்ந்தேன். தெரிஞ்சேதான் உங்களுக்கு அனுப்பினேன். நீங்க ஒருத்தர் நம்பினா போதும்."

அக்கா விக்கி விக்கி அழுதாள். பாவம் என்று நினைத்துவிடாதீர்கள். அழுது முடித்ததும் முகம் கழுவிவிட்டு, பேஜைப் பார்த்துக்கொள்ளும் மற்ற பெண்களின் குழுவுக்குப் போனாள். தன் கையால் எழுதிய நீச்சல் குளத்தை முதலில் போட்டாள். காரை அதற்குக் கீழே போட்டாள்.

"ரெண்டும் ஒரே பொண்ணு எழுதினது. மொதல்ல நீச்சல் குளம்னா, இப்ப கார்ங்கறா. நம்ம பேஜைக் கவுக்க என் வீட்டுக்காரரையே இழுக்கறா. மத்த பேஜ்களுக்கும் சொல்லி வைங்க."

"ச்சே, அக்காவுக்கே இந்த கதியா!" என்று குழுவே கொதித்தது. மதியத்துக்குள் அந்தப் பெண்ணுக்கு எல்லாக் கதவும் சாத்தியாயிற்று.

வக்கீல் தோழி ஒருத்தி மட்டும் இழுத்தாள். "எதுக்கும் அந்தப் பொண்ணுகிட்ட நான் ஒரு வார்த்தை பேசட்டுமாக்கா?"

"நான் பேசிட்டேன்மா," என்றாள் அக்கா. "குட்டு ஒடைஞ்சதும் ஒரே அழுகை."