நான்கு பங்காகப் பிரிந்த ஐஸ் இயந்திரம்

மணக்குளத்துப் பிள்ளையார் மேல் சத்தியம், மாதா கோவில் மணி மேல் சத்தியம்: இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

1957ஆம் வருஷம் வைத்திக்குப்பத்தில் வெயில் அப்படி. காலை எட்டு மணிக்குக் கரையேறும் சங்கரா மீன் பத்து மணிக்குக் கண் மங்கி, பன்னிரண்டு மணிக்குத் தானே எழுந்துபோய்க் குப்பைக்குழியில் படுத்துக்கொள்ளும். அதை விற்கும் தனக்கொடிக்கு ஐஸ் வேண்டும். ஐஸில் வைத்தால் மீன் விழுப்புரம் வரை ரயிலேறும். ஐஸ் வராவிட்டால் என்ன ஆகும் என்பதை அவள் புருஷன் மண்ணாங்கட்டி சொல்லிவிட்டான்.

"ஆடி முடியறதுக்குள்ள ஐஸ் வரலன்னா கட்டுமரத்த வித்துட்டு மில்லுக்குப் போயிடுவேன்."

"நீ போனா மில்லே முழுகிடும்யா" என்றாள். சொன்ன கையோடு மனு எழுதக் கிளம்பினாள்.

ஐஸ் இயந்திரம் கேட்டுச் சர்க்காருக்குப் பதினோரு மனு போட்டாள். பன்னிரண்டாவது மனுவுக்கு இயந்திரமே கப்பலில் வந்து இறங்கிவிட்டது.

வம்பு அதன்பிறகுதான். புதுச்சேரி ராஜ்ஜியம் ஒரே இடத்திலா இருக்கிறது? காரைக்கால் தெற்கே, ஏனாம் எங்கோ ஆந்திரத்தில், மாகே மேற்குக் கடலோரத்தில். நடுவில் எல்லாம் வேறு ராஜ்ஜியத்து மண். தண்ணீரில்லாத தீவுகள். சம வளர்ச்சி, அதிகாரப் பரவல் என்று தந்தி மேல் தந்தி அடித்து, புதுச்சேரியோடு சேர்த்து நான்கு ஊரும் அந்த ஒற்றை இயந்திரத்தைக் கேட்டன.

தொழில் அதிகாரி தலையைப் பிடித்துக்கொண்டு கடற்கரைக்கு வந்தார். கூடவே குமாஸ்தா தணிகாசலம். மண்ணாங்கட்டி அப்போதுதான் கட்டுமரத்தின் கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாகக் காயப்போட்டுக்கொண்டிருந்தான்.

"ஏம்மா, நல்லா இருக்கறத எதுக்குப் பிரிக்கிறாரு?" என்று பக்கத்தில் நின்ற தனக்கொடியைக் கேட்டார் தணிகாசலம்.

தனக்கொடியின் வாய் சும்மா இருக்குமா? பிரெஞ்சுக்காரன் போன பின்னும் அவளுக்கு ஐயா என்றால் முசியேதான். "பிரிச்சா என்னா முசியே? நாலு மரம் நாலு பக்கம் கெடக்கும். வேணும்னா சேத்துக் கட்டிக்குவோம். ஒண்ணும் கொறஞ்சிடாது."

தணிகாசலம் அதை இங்கிலீஷில் சொன்னார். அதிகாரியின் முகம் மலர்ந்தது. மூன்றே நாளில் உத்தரவு. மோட்டார் காரைக்காலுக்கு, தொட்டி மாகேக்கு, குழாய்கள் ஏனாமுக்கு. சுவிட்சு வைத்திக்குப்பத்துக்கு. ஐஸ் தேவைப்படும்போது நான்கு ஊரும் சேர்த்துக் கட்டிக்கொள்ள வேண்டியது.

"கயிறு எங்க முசியே?" என்று கேட்டாள் தனக்கொடி.

"அதுக்குத் தனியா மனு போடணும்மா."

மாலை, ரிப்பன், கைதட்டல் எல்லாம் முடிந்து சுவிட்சு சுவரில் ஏறியது. தனக்கொடி தினமும் காலையில் போய் அதை அழுத்தினாள். காரைக்காலில் மோட்டார் லேசாக இருமியதாகக் கேள்வி. ஏனாம் குழாயில் பனி பூத்ததாம். மாகேயிலிருந்து ஒரு ஐஸ் பாளமே ரயிலில் வந்தது. சாக்கைப் பிரித்தபோது ஈரமும் கொஞ்சம் மரத்தூளும் இருந்தன.

ஆடிக் கடைசி நாளில் மண்ணாங்கட்டி கட்டுமரத்தை விற்றான். முழுசாக வாங்க ஆளில்லை. நாலு மரத்தையும் நாலு பேர் கொண்டுபோனார்கள். மிஞ்சிய கயிற்றில் தனக்கொடி துணி காயப்போட்டாள்.

மறுநாள் சங்கு ஊதியதும் அவன் மில்லுக்குக் கிளம்பினான். அவள் காலிக் கூடையோடு போய்ச் சுவிட்சை இன்னும் ஒரு தரம் அழுத்திப் பார்த்தாள்.

அந்த வருஷம் வைத்திக்குப்பத்துக்கு மின்சாரக் கம்பி வந்திருக்கவில்லை.