படித்துக் காட்டியவள்

வசுமதிக்கும் ஷபானாவுக்கும் பழக்கம் ஏற்பட்டது செங்கல்பட்டு ரயில் நிலையத்தில்தான். இருவரும் பொத்தேரி பக்கம் ஒரு கல்லூரியில் பி.ஏ. வரலாறு சேர்ந்திருந்தார்கள். வசுமதியின் அப்பா ஜானகிராமன் கல்பாக்கத்தில் வேலை பார்த்தார். ஷபானாவின் அத்தா நூர்முகமது பஜாரில் செருப்புக் கடை வைத்திருந்தார். பள்ளிப் படிப்பு முடிவதற்குள்ளேயே ஷபானாவுக்குப் பார்வை முழுவதும் போய்விட்டது. கல்லூரி திறந்த அன்று அவள் அம்மா பதருன்னிசா பிளாட்பாரம் வரை வந்து, மகளை வசுமதியிடம் ஒப்படைத்து, பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனாள்.

வசுமதி பார்த்துக்கொண்டாள். காலை ரயிலில் பாடம் படித்துக் காட்டுவாள். தேர்வு நெருங்கினால் பக்கம் பக்கமாகப் படித்துப் போனில் பதிவு செய்து அனுப்புவாள். தொண்டை கட்டிய நாட்களில்கூட நிறுத்தியதில்லை. ஷபானாவுக்குக் கண்ணே வசுமதிதான் என்று துறைத் தலைவர் கோதண்டராமன் வகுப்பில் எல்லோர் முன்னாலும் சொன்னார். வசுமதி சுமாராகப் படிப்பவள். பாட்டு, விளையாட்டு எதிலும் சேராதவள். யாரும் அவளை எதற்காகவும் பாராட்டிச் சொன்னதில்லை. அன்று வீட்டுக்குப் போய் அந்த வார்த்தையை அம்மாவிடம் இரண்டு முறை சொன்னாள்.

மூன்றாம் ஆண்டில் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கென்று கல்லூரி ஓர் உதவி மையம் திறந்தது. பொறுப்புக்கு வந்த ஜெபா மேடம் சும்மா இருக்கிற ஆள் இல்லை. நூலகப் புத்தகங்களை ஸ்கேன் செய்து, கணினியே வாசித்துக் காட்டும்படி செய்தார். போன் திரையில் இருப்பதைக் காதில் கேட்டே இயக்க ஷபானாவைப் பழக்கினார். வெள்ளைக் கோலோடு தனியாக நடக்கவும் பயிற்சிக்கு ஏற்பாடு செய்தார். தேர்வில் கூடுதல் நேரமும், சொல்லச் சொல்ல எழுத ஓர் ஆளும் கிடைக்கும் என்றார்.

அதற்குத் தன்னைத்தான் போடுவார்கள் என்று வசுமதி நினைத்தாள். போய்க் கேட்டபோது, அதே வகுப்பில் படிப்பவர் எழுதக் கூடாது, அதுதான் விதி என்று மேடம் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். முதலாண்டு வணிகவியலில் இருந்து பூங்கொடி என்ற பெண்ணைத் தேர்ந்தெடுத்தார்கள். மதுராந்தகம் பக்கத்துக் கிராமம். ஒல்லியாக, எண்ணெய் தடவி இறுக்கிப் பின்னிய சடையோடு இருந்தாள். கையெழுத்து அச்சுப் போல இருந்தது.

அன்றிலிருந்து வசுமதிக்கு வயிறு எரிய ஆரம்பித்தது. ரயிலில் ஷபானா ஒரு காதில் இயர்போன் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அதில் ஓடும் குரல் அவ்வளவு வேகம். ஒருமுறை வாங்கிக் கேட்டபோது வசுமதிக்கு ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. தான் ஒரு வாரம் படித்துக் காட்டுவதை அது ஒரு காலையில் முடித்துவிடுகிறது. மதியச் சாப்பாட்டுக்குப் பூங்கொடி வந்து உட்காருவாள். எழுதிப் பழகும்போது நடந்த கூத்துகளைச் சொல்லி இருவரும் சிரிப்பார்கள். அதில் வசுமதிக்குப் புரிய எதுவும் இருக்காது. பூங்கொடியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு ஷபானா படி இறங்குவதைப் பார்த்தால், டிபன் பாக்ஸை மூடி வைத்துவிடுவாள்.

முதல் உள்மதிப்பீட்டுத் தேர்வில் ஷபானா வகுப்பிலேயே முதலாவதாக வந்தாள். ஒரு மணி நேரம் கூடக் கொடுத்தால் யாரும்தான் மார்க் வாங்குவார்கள் என்று வசுமதி பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். சொன்னதும் கூசியது. ஆனால் நினைப்பு மாறவில்லை.

அப்போதுதான் மாமல்லபுரம் களப் பயணம் வந்தது. ஷபானாவுக்குத் துணையாகப் பூங்கொடியும் வரலாம் என்று மேடம் சொல்லிவிட்டார். அதற்கு முந்தின நாள் மாலை பூங்கொடி வசுமதியிடம் வந்து, பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டாள். பஸ் காலை ஆறரைக்கு. எட்டு மணி என்று வசுமதி சொன்னாள். யோசித்துச் சொல்லவில்லை, வாயில் அப்படித்தான் வந்தது. திருத்தவும் இல்லை.

பஸ் கிளம்பும்போது மேடம் பூங்கொடிக்குப் போன் செய்து பார்த்தார். எடுக்கவில்லை. இனிக் காத்திருக்க முடியாது என்று டிரைவர் வண்டியை எடுத்தார். ஷபானா பக்கத்தில் வசுமதி உட்கார்ந்தாள்.

அர்ச்சுனன் தபசுப் பாறையின் முன் நின்று, பழையபடி ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஒற்றைக் காலில் நின்று கைகளை உயர்த்தியிருக்கும் தவசி, அவனைப் போலவே நிற்கும் பூனை, அதன் காலடியில் எலிகள், யானையின் வயிற்றுக்கு அடியில் குட்டிகள். பூனையின் வால் எந்தப் பக்கம் என்று ஷபானா கேட்டாள். வசுமதி எக்கிப் பார்த்துச் சொன்னாள். பல மாதங்களுக்குப் பிறகு அவளுக்கு நெஞ்சு நிறைந்திருந்தது.

ஷபானாவின் போன் அடித்தது. மறுமுனையில் பூங்கொடி. ஷபானா அதிகம் பேசவில்லை. அழாதே, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தாள்.

"எட்டு மணின்னு நீதான் சொன்னியா?"

பொய் சொல்லலாம் என்று வசுமதிக்குத் தோன்றியது. முடியவில்லை. "ஆமா."

"ஏன்?"

"நான்தான் இருக்கேன்ல. அவ எதுக்கு?"

ஷபானா குரலை உயர்த்தவில்லை. "ரெண்டு வருஷம் நீ எனக்குப் படிச்ச. நான் மறக்கல. ஆனா அந்த ரெண்டு வருஷத்துல ஒரு தடவயாச்சும் உங்கிட்ட கோவிச்சுகினு கீறேனா? கோவம் வராமயா இருந்துச்சு? நீ மூஞ்சத் தூக்கினா அன்னிக்கு எனக்குப் பாடம் கெடையாது. அந்த பயம். இப்ப அது இல்ல. அதான் கேக்குறேன். அந்தப் பொண்ணுக்கு நீ பண்ணது அசிங்கம்."

"அப்ப நான் வேணாமா?"

"வேணுமா வேணாமான்னு இப்பதான் என்னால யோசிக்கவே முடியுது."

கோலை விரித்துக்கொண்டு, ஜெபா மேடத்தின் குரல் கேட்ட பக்கம் நடந்து போனாள். அன்று முழுவதும் வசுமதி கூட்டத்தின் பின்னால் தனியாக நடந்தாள். வெட்கம் ஒரு பக்கம். அழுதவளை ஷபானா சமாதானப்படுத்திய அந்தக் குரல் இன்னொரு பக்கம். தன்னிடம் அந்தக் குரலில் அவள் பேசியதே இல்லை என்பதுதான் அதிகமாக வலித்தது.

மறுநாள் உதவி மையத்துக்குப் போய்ப் பூங்கொடியிடம் மன்னிப்புக் கேட்டாள். பூங்கொடி தலையைக் குனிந்தபடி, "நான் கடலப் பாத்ததே இல்லக்கா. அதுக்கோசரம்தான் வரேன்னேன்" என்றாள். ஞாயிற்றுக்கிழமை நானே கூட்டிப் போகிறேன் என்றாள் வசுமதி.

"வேணாங்க்கா. ஷபானாக்கா இட்டுகினு போறேன்னு சொல்லிகீறாங்க."

வசுமதி தலையாட்டிவிட்டு வெளியே வந்தாள். கண் தெரியாதவளே இன்னொருத்திக்குக் கடல் காட்டப் போகிறாள். அதற்கும் தான் தேவையில்லை.

அந்த வாரம் ரயிலில் ஷபானா பேசவில்லை. சனிக்கிழமை இறங்கும்போது, "நாளைக்கி மகாபலிபுரம் போறோம். வர்றதுன்னா வா. எங்களப் பாத்துக்கறதுக்கு வராத" என்றாள்.

வசுமதி போனாள். கரையில் இறங்கியதும் பூங்கொடி பயந்து நின்றுவிட்டாள். சின்ன வயதில் வருடாவருடம் வந்து போன ஷபானாதான் அவளை இழுத்துக்கொண்டு தண்ணீருக்குள் போனாள். வசுமதி பைகளோடு மணலில் உட்கார்ந்திருந்தாள். கூப்பிடுவார்கள் என்று வெகுநேரம் காத்திருந்தாள். கூப்பிடவில்லை. கடைசியில் பைகளைப் பக்கத்தில் இருந்த சுண்டல்காரம்மாவிடம் விட்டுவிட்டு, தானே எழுந்து போய் அலையில் நின்றாள். உப்புத் தண்ணீர் வாய்க்குள் போய்விட்டதைப் பற்றிப் பூங்கொடி அவளிடமும் புலம்பினாள்.

திரும்பும் பஸ்ஸில் பூங்கொடி ஷபானாவின் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். வசுமதிக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை; ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்போது ஷபானா, வகுப்பில் வசுமதி வாசித்த பல்லவர் கட்டுரையில் பாதி தப்பு என்று ஆரம்பித்தாள். வசுமதி ஒத்துக்கொள்ளவில்லை. ஷபானாவும் விடவில்லை. சத்தம் ஏறியது, பூங்கொடி கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி தூங்கினாள். திருக்கழுக்குன்றம் தாண்டியும் இருவரும் சண்டை போட்டுக்கொண்டே போனார்கள்.