முனகாதவன்

எனக்குச் சந்தேகப் புத்தி. அதை நான் மறைப்பதில்லை. பால்காரர் சிரித்தால் பாலைத் தொட்டுப் பார்ப்பேன். ஆட்டோக்காரர் பேரம் பேசாமல் "ஏறும்மா" என்றால் ஏற மாட்டேன். "செங்கொடியைக் கட்டினவன் பாவம்" என்று வியாசர்பாடியில் எங்கள் தெருவே பேசும். கட்டினவன் எழிலன், என் புருஷன். எண்ணூர் துறைமுகத்தில் கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறான். எங்களுடையது காதல் கல்யாணம். ஆசைப்பட்டுக் கட்டிக்கொண்டவளுக்குச் சந்தேகப்படவும் கூடுதல் உரிமை உண்டு என்பது என் கட்சி.

இந்தப் புத்திக்குச் சம்பளம் கொடுத்து வைத்திருப்பவன் ஜெஸ்வின். சாத்தாங்காட்டில் அவன் அப்பாவுக்கு இரும்புக் கடை. அதற்கு மேல் மாடியில் எங்கள் கேம் கம்பெனி. கீழே தகடு வெட்டுகிற சத்தத்தில் மேலே ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காது. அங்கே உட்கார்ந்துகொண்டு, ஆளுக்கொரு ஊரிலிருந்து நாலு பேர் சேர்ந்து ஆடுகிற ஒரு விளையாட்டைச் செய்துகொண்டிருந்தோம். நடுக்கடலில் தீப்பிடித்த கப்பல். நாலு பேரும் உயிரோடு வெளியே வந்தால்தான் வெற்றி. அதில் வலி என் பொறுப்பு.

அடிபட்டவனுக்குத் திரை ஆடும், கை நடுங்கும், வாய்விட்டு முனகுவான். அந்த முனகல் மற்ற மூன்று பேருக்கும் கேட்கும். முனகுகிறவன் பக்கத்தில் போனால்தான் 'தூக்கு' என்கிற பொத்தானே வரும். மாத்திரை போட்டால் நடுக்கமும் முனகலும் நின்றுவிடும். காயம் மட்டும் உள்ளே வளர்ந்துகொண்டிருக்கும். பிறகு சொல்லாமல் கொள்ளாமல் விழுவான். ஒருத்தன் விழுந்தால் நாலு பேரும் காலி. அதனால் எவன் மாத்திரை போட்டிருக்கிறான் என்று ஒருத்தனை ஒருத்தன் சந்தேகப்பட்டே ஆடவேண்டும். என்னைத் தவிர வேறு யாருக்கு இது தோன்றும்?

இதைச் செய்துகொண்டிருந்தபோதுதான் வீட்டில் எழிலன் மாறினான். முன்பெல்லாம் செருப்பைக் கழற்றும்போதே "இடுப்பு கழண்டுச்சு கொடி" என்று ஆரம்பிப்பான். தலையணை வரைக்கும் தைல வாசனை அடிக்கும். இப்போது அந்தப் பாட்டு இல்லை. தைலம் போய், பவுடரும் சென்ட்டும் வந்திருந்தன. விசில் வேறு அடித்தான்.

"இடுப்பு எப்டி கீது?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் சரியாப் பூட்ச்சு. நான் இன்னா கெழவனா?"

புருஷன் உடம்பு தேறினால் பெண்டாட்டி சந்தோஷப்பட வேண்டும். எனக்கு வயிறு எரிந்தது. வலி தானாகப் போகாது. யாரோ போக்கியிருக்க வேண்டும்.

அந்த யாரோவுக்குப் பெயரும் கிடைத்தது. அவன் குளிக்கப் போயிருந்தபோது போனில் செய்தி வந்தது. 'ணா, வந்துடுச்சு. சாயங்காலம் வாங்க.' அனுப்பியவள் ஜெனி. அண்ணன் என்றால் நம்பிவிடுவேனா? என்னையே எழிலன் முதலில் தங்கச்சி என்றுதான் கூப்பிட்டான்.

"யாரு ஜெனி?"

"ஹார்பர் கேட்டுல பாஸ் போட்ற பொண்ணு. பாஸ் வந்துடுச்சாம்."

பதில் பட்டென்று வந்தது. பொய்க்குத்தான் பதில் தயாராக இருக்கும். நம்பரைக் குறித்துக்கொண்டேன். அவன் ஏமாற்றுகிறான் என்பது உறுதியானால் இந்தக் குடித்தனம் இத்தோடு சரி என்று முடிவும் செய்துகொண்டேன். அம்மா வீடு அடுத்த தெருதான். பெட்டியைத் தூக்க ஆட்டோகூட வேண்டாம்.

அந்த வாரக் கடைசியில் கேமைச் சோதித்துப் பார்த்தோம். ஆடுவதற்கு வந்த பையன்களில் புளியந்தோப்பு பீம்ராவ் ஒருத்தன். கேமில் அவன் முதுகில் உத்திரம் விழுந்தது, நெருப்புக்குள் ஓடினான், படியில் உருண்டான். ஒரு முனகல் இல்லை.

"இவன் ஏதோ தில்லாலங்கடி பண்றான் ஜெஸ்வின்."

"நானும் அப்பிடித்தான்க்கா நெனச்சேன். எல்லாத்தையும் நோண்டிப் பாத்துட்டேன். ஒண்ணும் இல்ல பாத்துக்கிடுங்க."

பீம்ராவையே கூப்பிட்டு உட்கார வைத்தேன். எப்படியும் மிரட்டி உண்மையை வாங்கிவிடலாம் என்று குரலை உயர்த்தினேன். அவன் சிரித்தான்.

"ஏமாத்தலாம் இல்லக்கா. அடிபட்டப்புறம் மாத்திர போட்டா ஒருவாட்டியாவது முனகிடும், மாட்டிக்குவோம். நான் அடிபட்றதுக்கு முன்னாடியே போட்டுக்குவேன். ஒண்ணு எறங்கறதுக்குள்ள அடுத்தது. எவனுக்கும் தெரியாது."

"கடைசில விழுந்துடுவடா."

"விழுவேன். அதுவரிக்கும் ஜாலியாத்தானக்கா கீறேன்!"

அவன் போய்விட்டான். நான் நாற்காலியிலேயே இருந்தேன். காதுக்குள் விசில் சத்தம் கேட்டது. எழிலன் கடைசியாக எப்போது முனகினான் என்று யோசித்தேன். நினைவுக்கு வரவில்லை. தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டதும் நினைவுக்கு வரவில்லை. கீழே உட்கார்ந்தால் தொப்பை போடுகிறது என்று சொல்லிக் கட்டில் ஓரத்தில் உட்கார ஆரம்பித்திருந்தான். நானும் அந்த ஜெனிக்காக உடம்பைக் குறைக்கிறான் என்று அதையும் கணக்கில் சேர்த்திருந்தேன்.

ஜெனி நம்பரைப் போட்டேன்.

"மெடிக்கல்ஸ், சொல்லுங்க."

துறைமுக கேட் இல்லை, மருந்துக் கடை. "எழிலன் வூட்லேர்ந்து பேசறேன்."

"அக்காவா? நானே சொல்லணும்னு இருந்தேன். அண்ணனுக்கு இனிமே டாக்டர் சீட்டு இல்லாம அந்த மாத்திர குடுக்கக் கூடாதுன்னு ஓனர் சொல்லிட்டாரு. அவரு ரொம்ப வாங்கறாருக்கா. ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்க."

பெண் விவகாரம் இல்லை என்றதும் ஒரு நிமிஷம் நிம்மதியாக இருந்தது. வெட்கங்கெட்ட நிம்மதி. அதற்குப் பின்னாலேயே பயம் வந்தது. பெண் என்றால் தெருவில் இறங்கிச் சண்டை போட்டு ஜெயித்திருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். காலையில் காசிமேட்டுக்குப் போய் சங்கரா மீன் வாங்கி வந்திருந்தான். குழம்பு வைத்தேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, ஸ்டூலில் தட்டை வைத்து, துறைமுகக் கதை ஒன்றை எடுத்துவிட்டான். எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். நேராகக் கேட்டால் பொய் சொல்வான், அதுவும் பட்டென்று.

என் குதிகாலை அவன் வலது பாதத்தின் மேல் வைத்தேன்.

அவன் கதையை நிறுத்தவில்லை. "அந்தக் க்ளீனரு இன்னா பண்ணான் தெரியுமா…"

அழுத்தினேன். அவன் முள்ளை எடுத்துத் தட்டோரம் வைத்தான். எழுந்து என் முழுக் கனத்தையும் அந்தக் காலில் இறக்கினேன். அவன் என்னை அண்ணாந்து பார்த்துச் சிரித்தான். "இன்னாத்துக்கு எழுந்துகின? கதையக் கேளு."

"எழிலு. கீழ பாரு."

பார்த்தான். அவன் கால் விரல்கள் என் குதிகாலுக்கு அடியில் வெளுத்துப்போயிருந்தன. சோற்றோடு இருந்த கை அப்படியே நின்றது.

"இந்தக் காலாலதான பிரேக் போட்ற?"

பதில் தயாராக இல்லை.

"சொன்னா வண்டியப் புடுங்கிக்குவாங்க கொடி," என்றான் கடைசியில். "மாத்திர போட்டா ஓட்ட முடியுது. இந்தக் கால் மட்டும்தான்… மரத்துப் போவுது."

"வண்டி போனா போவட்டும். இடுப்பு நோவுதா?"

"இல்ல."

"என் மேல சத்தியமா?"

அவன் எழுந்திருக்கப் பார்த்தான். பாதி எழுந்தவன் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டான். முகமெல்லாம் வியர்வை.

"நோவுது," என்றான். "ரொம்ப நோவுதுடி."

பிறகு முனகினான். அடிவயிற்றிலிருந்து, அசிங்கமாக, அக்கம்பக்கத்துக்கெல்லாம் கேட்கிற மாதிரி. அவனைக் கை கழுவக்கூட விடவில்லை. அவன் கையை எடுத்து என் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டு தூக்கினேன்.