சாரங்கன் மனைவிக்கு வாங்கிய கணினி

திருமணமாகிப் பதினாறு வருடத்தில் சாரங்கன் தன் மனைவி வாகினிக்கு வாங்கிக் கொடுத்த பரிசுகளை எண்ணுவதற்கு ஒரு கை விரல்களே கூடிப்போகும். அப்படிப்பட்ட மனிதன் ஒரு மார்ச் மாதக் காலையில் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "உமக்கு ஒரு நல்ல கொம்பியூட்டர் வாங்கித் தரப்போறன்" என்றான்.

வாகினி மாத்தளையில் ஒரு பாடசாலையில் கணித ஆசிரியை. அவள் சாரங்கனை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏனப்பா, உடம்பு ஏதும் சரியில்லையோ?"

"இல்லை, நீர் ஒன்லைனிலை ரியூஷன் குடுக்கலாம். இரத்தோட்டைப் பிள்ளையள் ஏன் உந்த பஸ்ஸிலை நெரிபட்டு வர வேணும்?"

நம் ஊர்களில் ரியூஷன் என்று சொல்லிவிட்டால் மேற்கொண்டு கேள்வி இல்லை. கல்யாண வீட்டிலிருந்து பாதியில் எழும்பிப் போகலாம், கடன் கேட்கலாம், பஸ்ஸில் இடம்கூடக் கேட்கலாம். அது சாரங்கனுக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் நாலு நாள் யோசித்து அந்தச் சொல்லைத் தெரிந்தெடுத்து வைத்திருந்தான்.

உண்மை வேறு. சாரங்கனின் கைப்பேசியில் அறுபத்து மூன்று ஒலிப்பதிவுகள் இருந்தன. எல்லாம் அவன் குளிக்கும்போதும் கந்தோருக்கு நடக்கும்போதும் வாய்க்குள் முனகிய மெட்டுகள். அந்த அரச அலுவலகத்தின் காணிப் பிரிவில் வேலை என்பதால் அவற்றுக்கு 'காணி 1', 'காணி 2' என்று பெயர் வைத்திருந்தான். வாகினி தற்செயலாகப் பார்த்தாலும் திறந்து கேட்க மாட்டாள். இப்படி ஒளிப்பதற்கு நியாயம் இருந்தது. முன்பு ஒரு முறை மீன் வளர்க்கிறேன் என்று தொட்டி வாங்கினான். அதில் இப்போது வெங்காயம் இருக்கிறது. பிறகு படம் பிடிக்கிறேன் என்று கமரா வாங்கினான். அதன் பையில் வாகினி விடைத்தாள் கொண்டுபோகிறாள். மூன்றாவதாக இசை என்று சொன்னால் அவள் சிரிப்பாள், அந்தச் சிரிப்பைத் தாங்கும் தைரியம் அவனுக்கு இல்லை.

சும்மா இருந்திருக்கலாம். ஆனால் கந்தோரில் புத்தாண்டு விழாக் கூட்டம் நடந்தபோது, "இந்த வருஷமும் அதே பழைய பாட்டுத்தானா?" என்று மேலதிகாரியான பெரியவர் அலுத்துக்கொண்டார். சாரங்கனின் வாய் அவனைக் கேட்காமலே திறந்தது. "நான் புதுசா ஒண்டு செய்து தாறன், சேர்." எல்லாரும் கைதட்டினார்கள். மூன்றாம் நாள் அழைப்பிதழ் வந்தது. 'வரவேற்பு இசை ஆக்கம்: திரு. இ. சாரங்கன்' என்று மூன்று மொழியிலும் அச்சடித்திருந்தார்கள். விழா ஏப்ரல் கடைசி வெள்ளி. கையில் இருந்தது ஐந்து வாரமும் அறுபத்து மூன்று முனகலும்தான்.

திருகோணமலை வீதியில் ஜவாஹிரின் கணினிக் கடை. ஜவாஹிர் நல்ல மனிதர், ஆனால் வண்ண விளக்குகளில் அவருக்குப் பைத்தியம். சாரங்கன் உள்ளே போனதும் ஒரு கண்ணாடிப் பெட்டியின் சுவிட்சைப் போட்டார். உள்ளே ஏழு விசிறிகள் சிவப்பும் நீலமும் பச்சையுமாகச் சுழன்றன.

"மாஷா அல்லாஹ், பாருங்க சேர். வெசாக் வெளிச்சக்கூடு தோத்துப் போகும். கிராபிக்ஸ் கார்ட் மட்டுமே இந்தா இத்தன பெரிசு."

"அது எனக்கு வேண்டாம் ஜவாஹிர்." சாரங்கன் மடித்த கடதாசி ஒன்றைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தான். சில நாளாக இணையத்தில் தேடித் தேடி எழுதியது. "விளையாட்டுக்கு இல்லை இது. படம் காட்ட ஒரு சாதாரண கார்ட் போதும். நல்ல வேகமான புரொசெசர் வேணும், மெமரி முப்பத்திரண்டு ஜிபி வேணும், எஸ்எஸ்டி ரெண்டு வேணும். முக்கியமா, விசிறி சத்தம் போடக் கூடாது. மைக்குக்குப் பக்கத்திலை இருக்கப் போற பெட்டி. பிறகு மைக்கை இணைக்க ஓடியோ இண்டர்பேஸ் ஒண்டு, நல்ல மைக் ஒண்டு, ஹெட்போன் ஒண்டு. சின்னப் பியானோக் கட்டை மாதிரி ஒரு கீபோர்ட் வருமே, கொம்பியூட்டரிலை குத்துறது, அதுவும்."

ஜவாஹிர் கடதாசியையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சேர், நீங்க பாட்டு செய்யப் போறீங்க!"

"மெதுவாக் கதையுங்கோ. இது வாகினிக்கு. ரியூஷனுக்கு. அவ வந்து கேட்டா அப்பிடித்தான் நீங்களும் சொல்ல வேணும்."

ஜவாஹிர் இரண்டு காதையும் தொட்டுக்கொண்டார். "நோன்பு சேர். பொய் சொல்ல ஏலாது. மத்த நாள்லயும் கூடாதுதான், ஆனா நோன்போட அறவே ஏலாது. பெருநாள் முடிய வாங்க, பார்ப்போம்."

பெருநாள் வரை பொறுத்தால் ஐந்து வாரம் மூன்று வாரமாகிவிடும். சாரங்கன் கெஞ்சினான். காணி உறுதிப் பத்திரம் ஒன்றின் வாசகத்தைத் திருத்துவதுபோல இருவரும் அரை மணித்தியாலம் பேசி ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். ஜவாஹிர் பொய் சொல்ல வேண்டியதில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னால் போதும், கேட்காததைச் சொல்லத் தேவையில்லை. பியானோக் கட்டையைப் பற்றி எவரும் கேட்க முடியாதபடி அது கடையிலேயே பிரிண்டர் பெட்டிகளுக்குப் பின்னால் இருக்கும். இசை செய்கிற மென்பொருளைக் கணினியில் ஏற்றி, 'கணக்கு' என்ற பெயருள்ள ஓர் இடத்துக்குள் ஜவாஹிர் வைத்துவிடுவார்.

சனிக்கிழமை வாகினியும் கூடவே வந்தாள். கறுப்பாக, விளக்கு எதுவும் இல்லாமல், அரிசிப் பெட்டி மாதிரி நின்ற கணினியைச் சுற்றி வந்து பார்த்தாள்.

"இதிலை கணக்குப் படிப்பிக்கலாமோ?"

"தாராளமா, டீச்சர்," என்றார் ஜவாஹிர்.

"உந்த மைக் ஏன் இவ்வளவு பெரிசு?"

"நீங்க பேசினா புள்ளைகளுக்கு மணி மாதிரி கேக்கும்."

"முப்பத்திரண்டு ஜிபி மெமரி. கூட்டல் கழித்தலுக்கு இவ்வளவு தேவையோ?"

ஜவாஹிர் ஒரு முறை இருமினார். "கூட இரிக்கிறதால ஒரு நட்டமும் வராது, டீச்சர்."

சாரங்கனுக்கு நெற்றி வியர்த்தது. வாகினி அவனைப் பார்த்து இனிமையாகச் சிரித்தாள். "உண்மையிலேயே எனக்காத்தான் யோசிச்சு வாங்கியிருக்கிறியள், என்னப்பா?" சாரங்கன் தலையை ஆட்டினான். அந்த நேரம் பார்த்து ஜவாஹிர் மேசைக்குக் கீழே எதையோ தேடப் போய்விட்டார்.

முதல் வாரம் இரண்டு வகுப்பு. திங்களும் புதனும் பின்னேரம். பரவாயில்லை, மற்ற நாட்கள் தனக்கு என்று சாரங்கன் நினைத்தான். ஆனால் மைக் தன் வேலையைக் காட்டிவிட்டது. மிஸ்ஸின் குரல் ரேடியோவில் கேட்பது மாதிரி இருக்கிறதாம். இரத்தோட்டையில் ஒரு பிள்ளையின் அம்மா இன்னோர் அம்மாவிடம் சொன்னாள், அவள் எல்கடுவையில் தன் தங்கைக்குச் சொன்னாள். இரண்டாம் வாரம் ஐந்து வகுப்பு. மூன்றாம் வாரம் பின்னேரம் மூன்று, முன்னிரவு ஒன்று, போதாததற்கு விடிய ஐந்து மணிக்குக் கடந்தகால வினாத்தாள் வகுப்பு வேறு. வார இறுதிகளைச் சொல்லவே தேவையில்லை. கணினிக்கு ஓய்வு இருந்த நேரம் சாரங்கன் கந்தோரில் இருந்த நேரம் மட்டும்தான்.

அதுமட்டுமா, அவனுக்கு வேலையும் கிடைத்தது. "இஞ்சாருங்கோ, உந்தக் குமிழைக் கொஞ்சம் கூட்டி விடுங்கோ, எல்கடுவையிலை இருக்கிறவைக்குக் கேக்கேல்லையாம்." தான் தேடித் தேடித் தெரிந்தெடுத்த ஓடியோ இண்டர்பேஸின் குமிழைச் சாரங்கன் திரிகோண கணிதத்துக்காகத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஆசை ஆசையாய் வாங்கிய ஹெட்போனில் அவன் முதன்முதலில் கேட்ட ஒலி, "மிஸ், எங்களுக்கு மழை, கரண்ட் போகப் போகுது" என்பது. ஹெட்போனைக் கழற்றி வீசலாம் போலிருந்தது. ஆனால் எல்கடுவைப் பிள்ளைகள் தேயிலைத் தோட்ட லயத்து வாசலில் ஒரே போனைச் சுற்றி நாலு பேராக இருந்து கணக்குச் செய்வதைத் திரையில் பார்த்தபோது, குறை சொல்லவும் வாய் வரவில்லை. பொய்யாகச் சொன்ன காரணம் இப்படி மெய்யாகிப்போய் நடுவீட்டில் உட்காரும் என்று அவன் எதிர்பார்க்கவேயில்லை.

கந்தோரில் தினமும் விசாரித்தார்கள். "பாட்டு எப்படி சேர்?" "வருது, வருது," என்றான் அவன். பெரியவர் ஒருநாள் தோளில் தட்டி, வெளியிலிருந்தும் ஆட்களை அழைத்திருப்பதாகச் சொன்னார். சாரங்கனுக்கு அன்று மதியச் சோறு இறங்கவில்லை.

மிச்சம் இருந்தது பௌர்ணமி விடுமுறையான போயா தினம் ஒன்றுதான். போயாவில் வகுப்பு வைக்க முடியாது. மறுநாள் புத்தாண்டுக்கு யாழ்ப்பாணம் போய்த் திரும்பினால் விழாவுக்கு நாலே நாள். ஆகவே அந்தப் போயாவை விட்டால் அழைப்பிதழில் இருக்கிற தன் பெயரைத் தானே கறுப்பு மையால் அழிக்க வேண்டியதுதான். அன்று காலை வாகினி, "கோயிலுக்குப் போட்டு வாறன், வரச் சுணங்கும்" என்று குடையை எடுத்துக்கொண்டு போனாள். கேற் சாத்திய சத்தம் கேட்டதும் சாரங்கன் பாய்ந்து போய்க் கணினியைப் போட்டான்.

திரை கடவுச்சொல் கேட்டது.

நேற்றுவரை அப்படி ஒன்று இருக்கவில்லை. வாகினியின் பிறந்தநாளை அடித்தான், பிழை. திருமண நாளை அடித்தான், பிழை. அது பதினான்காம் திகதியா பதினைந்தாம் திகதியா என்ற குழப்பத்தில் இரண்டையும் அடித்தான், இரண்டும் பிழை. அப்போதுதான் கட்டத்துக்குக் கீழே சிறிய எழுத்தில் ஒரு குறிப்பு இருப்பதைக் கண்டான்.

'இந்தக் கணினி யாருக்காக வாங்கப்பட்டது? உண்மையான விடை மட்டும் ஏற்றுக்கொள்ளப்படும்.'

அப்பாடா, சுகமான கேள்வி என்று நினைத்து 'வாகினி' என்று ஆங்கில எழுத்தில் அடித்தான். பிழை. 'டீச்சர்'. பிழை. 'ரியூஷன்', 'மாணவர்கள்', 'இரத்தோட்டை' எல்லாம் அடித்தான். அவன் என்ன சொன்னாலும் நம்பாமல் திரை அதே கேள்வியைக் காட்டிக்கொண்டிருந்தது. சாரங்கன் ஜவாஹிருக்குத் தொலைபேசி எடுத்தான்.

"பாஸ்வேர்டை உடைக்க ஏலுமோ ஜவாஹிர்?"

மறுபக்கத்தில் ஜவாஹிர் இருமினார். "உடைக்கத் தேவயில்ல சேர். டீச்சர் கடைக்கு வந்தாங்க."

"எப்ப?"

"இருபத்தேழாம் நோன்பண்டைக்கி. வந்து நேரா ஒரு கேள்வி கேட்டாங்க. 'இத வாங்கக்குள்ள என்ட மனுசன் என்னத்துக்கெண்டு உங்களுக்கிட்ட சொன்னார்?' அதத்தான் நாங்க உடன்பாட்டுல எழுதலியே சேர். கேட்டதுக்குப் பதில் சொல்லணும்தானே?"

"இருபத்தேழாம் நோன்பு! அது ரெண்டு கிழமைக்கு முந்தியல்லோ! எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"நீங்க கேக்கல்லியே," என்றார் ஜவாஹிர், மிகவும் பணிவாக.

சாரங்கன் போனை வைத்தான். காது சுட்டது. இரண்டு வாரம். அப்படியென்றால் விடிய ஐந்து மணி வகுப்பு, சனி ஞாயிறு வகுப்பு எல்லாம் தெரிந்துகொண்டே போட்டவை. குமிழைத் திருகச் சொன்னபோது அவள் முகத்தில் இருந்த அந்த அமைதி இப்போதுதான் அவனுக்கு விளங்கியது. ஆத்திரம் வந்தது. அதற்குப் பின்னாலேயே வெட்கமும் வந்தது. பதினாறு வருடம் கூட வாழ்ந்தவளிடம் ஒரு மெட்டைப் பற்றிச் சொல்லப் பயந்து, கடைக்காரரோடு உடன்பாடு எழுதியிருக்கிறான்.

இரண்டு விரலால், ஒவ்வொரு எழுத்தாக, தன் பெயரை அடித்தான்.

கணினி திறந்தது.

"ஒரு சின்னக் கேள்விக்கு இருபத்தைஞ்சு நிமிசம்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். வாகினி அறை வாசலில் குடையோடு நின்றாள். கோயிலுக்குப் போன அடையாளம் நெற்றியில் இல்லை. "என்ர பத்தாம் வகுப்புப் பிள்ளையள் அஞ்சு நிமிசத்திலை செய்திருப்பினம்."

சாரங்கன் எழும்பவில்லை. "எனக்குத்தான் வாங்கினனான்," என்றான். "சிரிப்பீர் எண்டு பயந்தனான்."

"சிரிச்சிருப்பன்தான்." அவள் குடையைச் சுவரில் சாய்த்தாள். "சிரிச்சுப்போட்டு வாங்கச் சொல்லியிருப்பன். மீன்தொட்டிக்கும் சிரிச்சனான்தானே, வாங்க விடாமல் தடுத்தனானோ?"

வாகினி சமையலறைக்குப் போனாள். வெங்காயம் உருளும் சத்தம் கேட்டது. மீன்தொட்டிக்குள் கைவிட்டு, வெங்காயத்துக்குக் கீழேயிருந்து பொலித்தீனில் சுற்றிய நீளமான பொருள் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து மேசையில் வைத்தாள். பிரிண்டர் பெட்டிகளுக்குப் பின்னால் இருப்பதாக அவன் நம்பிக்கொண்டிருந்த பியானோக் கட்டை.

"கடையிலை இருந்து நான் கொண்டுவந்து ரெண்டு கிழமையாத் தொட்டிக்குள்ளைதான் வைச்சிருந்தனான். நீங்கள் ஒருநாள் ஒரு வெங்காயம் உரிச்சுத் தந்திருந்தால் அண்டைக்கே கண்டிருப்பியள்."

சாரங்கன் பொலித்தீனை அவிழ்த்தான். வெங்காயச் சருகுகள் கட்டைகளுக்கிடையில் ஒட்டியிருந்தன. ஊதி எடுத்துவிட்டு வயரைக் கணினியில் குத்தினான். 'காணி 41' ஐக் கைப்பேசியில் போட்டு, கேட்டுக் கேட்டு ஒரு விரலால் தேடினான். முதல் வரி வந்துவிட்டது. இரண்டாம் வரியில் தடக்கினான். வாகினி கதிரையை இழுத்துப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். பின்னேரம் வரை அவன் அடித்ததையே திருப்பித் திருப்பி அடித்தான், அவள் எழும்பவில்லை. நாலு மணியளவில் முழு மெட்டும் முதன்முறையாக நிற்காமல் ஓடி, விழாவுக்கான பாட்டாகக் கணினியில் பதிவானது. சாரங்கனுக்குக் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்க வயரைச் சரிபார்ப்பதுபோலக் குனிந்தான்.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள் வாகினி. சொல்லிவிட்டு எழும்பி, வகுப்பு நேரசூசியைச் சுவரிலிருந்து கழற்றி, வெள்ளிக்கிழமைக் கட்டத்தில் கிடந்த வகுப்பை வெட்டி 'சாரங்கன்' என்று எழுதினாள். பிறகு அவன் தோளில் பேனையால் தட்டினாள்.

"வெள்ளிக்கிழமை பின்னேரம் இனி உங்கட. ஆனா பாஸ்வேர்டை மாத்தாதேங்கோ. ஒவ்வொரு முறையும் அந்தக் கேள்விக்கு விடை எழுதிப்போட்டுத்தான் உள்ளுக்குப் போகவேணும்."