எலிகள் யாரைப் பார்த்து நீந்தின

கனிஷ்காவின் எலிகள் நன்றாக நீந்தின. புவனாவின் வயிற்றெரிச்சலுக்கு அது போதும்.

கோவைக் கல்லூரி ஒன்றில் இருவரும் பேராசிரியர் திருமூர்த்தியிடம் பிஎச்.டி. செய்கிறவர்கள். பால்பவுடர் கலந்த தண்ணீர்த் தொட்டிக்குள் ஒரு சின்ன மேடை மறைந்திருக்கும். அறையின் நான்கு சுவரிலும் ஒட்டிய படங்களை அடையாளம் வைத்து எலி அதைக் கண்டுபிடிக்க வேண்டும். புவனா மூன்று வருடமாக மல்லுக்கட்டியும் அவளுடைய எலிகள் கரையோரமாகவே சுற்றின. போன வருடம்தான் வந்த பல்லடத்துக் கோழிப்பண்ணைக்காரர் மகள் கனிஷ்காவுக்கோ, ஞாபகசக்தி மருந்து கொடுத்த எலிகள் பத்தே நாளில் நேராக மேடையேறின. மருந்தில்லாத எலிகளை உதவியாளர் மயில்சாமி விட்டார், அவை திணறின. மேல் ஆராய்ச்சிக்கு ஜப்பானுக்கு ஒருத்தியைத்தான் அனுப்பலாம் என்று சார் சொல்லியிருந்தார்.

இறுதிச் சோதனையில் மேடையை எடுத்துவிட்டு, எலி எங்கே தேடுகிறது என்று பார்ப்பார்கள். அன்று காலை, ஆள் வருவதற்குள், புவனா படங்களை எதிரெதிர்ச் சுவருக்கு மாற்றி ஒட்டினாள். கனிஷ்கா எலியைத் தவிர வேறெதையும் பார்க்க மாட்டாள் என்பது அவளுக்குத் தெரியும்.

எலிகள் எதிர்ப்பக்கம் போயிருக்க வேண்டும். போகவில்லை. பழைய இடத்திலேயே தேடின. ஓரமாக நின்ற புவனா மறுபடி உற்றுப் பார்த்தாள். அப்புறம்தான் விஷயம் கண்ணில் பட்டது. மேடை இருந்த மூலைக்குப் பக்கத்தில், தினமும் போல, கனிஷ்கா ஸ்டாப்வாட்சோடு நின்றாள். எலிகள் அவளைப் பார்த்துத்தான் நீந்தின. மயில்சாமி ஓரிடத்தில் நிற்கிற ஆளே இல்லை, அதனால்தான் அவர் விட்ட எலிகள் திணறின. ஆக, மருந்து ஒன்றும் செய்யவில்லை.

வாயை மூடிக்கொண்டால் கனிஷ்கா ஜப்பான் போவாள். சொன்னால் இருவருமே போக முடியாது. புவனா ரொம்ப யோசிக்கவில்லை.

"படத்த மாத்திப்போட்டது நான்தானுங்க சார். அவ கெட்டுப்போகட்டும்னுதான் செஞ்சேன். ஆனா எலி மாறலீங்க. அவ நிக்கற பக்கமேதான் போகுது."

புவனா ஒரு வருடம் ஆய்வகத்துக்குள் வரக்கூடாது, கனிஷ்கா எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும், ஜப்பான் கிடையாது என்றார் சார். கனிஷ்காவும் போகவில்லை என்றதில் புவனாவுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது.

வாசலில் கனிஷ்கா அழுது வீங்கிய முகத்தோடு வழிமறித்தாள். திட்டு வாங்கப் புவனா தயாரானாள்.

"நீங்க சொல்லலீன்னா, இந்தப் பொய்ய எம்பேர்ல அச்சுப் போட்டிருப்பேனுங்க அக்கா. ரொம்ப நன்றிங்க."

கன்னத்தில் இரண்டு அறை விட்டிருந்தால்கூடப் புவனா நிம்மதியாக வீடு போய்ச் சேர்ந்திருப்பாள்.